அளவுச் சட்டை

அத்தியாயம் 14

பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு பச்சை ஃபைலைத் திணித்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாளே மாப்பிள்ளையின் அம்மா வேண்டா, அங்கேதான் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். அந்த ஃபைலில் இருப்பது என்ன என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். வேண்டா, அவள் ஒரே மகன் பாலசுப்ரமணியன், சென்னையில் ஒரு டாக்டர். அப்புறம் நாம். பாலுவுக்கு இரைப்பையில் ஆரம்பித்த புற்று ஈரலுக்குப் போய்விட்டது. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, மருந்து ஏற்றினால் ஒரு வருஷம் பார்க்கலாம், அதுவும் உறுதியில்லை என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

கீர்த்தனாவுக்கு ஒன்றும் தெரியாது. நாகதோஷம், நாகதோஷம் என்று எட்டு ஜாதகம் தட்டிப்போய் முப்பத்தொரு வயசாகிவிட்ட பெண். போன ஆவணியில் திருவிடந்தைப் பெருமாள் கோயிலில் மாலை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று சுற்றி, அந்த மாலையைக் கொண்டுவந்து வீட்டில் மாட்டினாள். தை மாதம் பாலு வந்தான். கல்யாணம் ஆனதும் காய்ந்த மாலையோடு இரண்டு பேருமாகப் போய்ப் பெருமாளைக் கும்பிட்டு வரவேண்டும். அந்த ஒரு நாளைத்தான் அவள் ராத்திரி பகலாக நினைத்துக்கொண்டிருக்கிறாள், பாவம்.

இந்த வாரம் கோட்டு.

எங்கள் பக்கத்தில் ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு எடுப்பது பெண் வீட்டார் பொறுப்பு. மாப்பிள்ளை வீணாக அலைய வேண்டாம், நன்றாகப் பொருந்துகிற சட்டை ஒன்றை அளவுச் சட்டையாகக் கொடுத்தனுப்பினால் போதும் என்பார்கள். தையல்காரர் அதை வைத்து வெட்டிவிடுவார். இந்த வழக்கத்தை எந்த மகராசன் ஆரம்பித்தானோ, அவனை நான் ஒரு தரம் பார்க்கவேண்டும்.

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குச் செங்கல்பட்டு பஜாரில், செருப்புக் கடைக்கு மேலே இருக்கிற அமானுல்லாவின் தையல் கடைக்கு நால்வரும் ட்ரையல் பார்க்கப் படியேறினார்கள். முன்னால் கீர்த்தனாவின் அண்ணன் ரமேஷ். கால் டாக்சி ஓட்டுகிறவன், கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவன் பின்னால் கீர்த்தனா. கடைசியில் வேண்டாவும் பாலுவும்.

பாலு பாதிப் படியில் நின்று செல்போனை எடுத்துப் பார்த்தான். போனில் ஒன்றும் வரவில்லை. மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். அணுபுரம் குவார்ட்டர்ஸில் ஏசியின் அவுட்டோர் யூனிட்டைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறுகிற மெக்கானிக் இவன். போன வருஷம் வரைக்கும்.

"வாங்க தம்பி, வாங்க. கையத் தூக்குங்க" என்று அமானுல்லா கோட்டைப் பிரித்தார். கருநீலத் துணி. வெள்ளை நூலில், பிறகு பிரித்துவிடுகிற பெரிய பெரிய கச்சாத் தையல். ஒரு பக்கம்தான் கை வைத்துத் தைத்திருந்தது.

கோட்டு பாலுவின் மேல் ஏறியது. ஏறி, அப்படியே தொங்கியது.

முதலில் ரமேஷ் சிரித்தான். "இன்னா பாய் இது, கோட்டா கோணியா? உள்ள இன்னோர் ஆளு பூந்துக்கலாம் போலகீது!"

யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை. ரமேஷுக்குச் சிரிப்பு போய்க் கோபம் வந்தது.

"ரிசப்சனுக்குப் பன்னெண்டு நாளுகூட இல்ல, வெளாடுறீங்களா? துணி எவ்ளோ ஒசத்தி தெரியுமா? எங்கப்பா மெட்ராசுக்குப் போய்ப் பாத்துப் பாத்து எடுத்தாரு. அளவு எடுக்கத் தெரிலன்னா முன்னாடியே சொல்லியிருக்கணும்!"

"என் டேப்பு இருவத்தெட்டு வருசமாப் பொய் சொல்லல தம்பி." அமானுல்லா குரலை உயர்த்தவில்லை. அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கவரை எடுத்து, அதிலிருந்த சட்டையை வெட்டும் மேஜைமேல் விரித்தார். "இதான் நீங்க குடுத்த அளவுச் சட்டை. இந்தாங்க டேப்பு. நீங்களே வச்சுப் பாருங்க."

ரமேஷ் டேப்பைப் பிடுங்கினான். சட்டைக்குள் இருக்கவேண்டிய உடம்பு எவ்வளவு என்று அமானுல்லா சொல்லிக்கொடுத்தபடி கழித்துக் கணக்குப் பார்த்தான்.

"நாப்பது" என்றான்.

"கோட்டும் நாப்பதுக்குத்தான் வெட்டினேன்."

"அப்போ?"

வேண்டா முந்திக்கொண்டாள். "இன்னா வெயிலு அடிக்குது! சோறே எறங்க மாட்டேங்குது புள்ளைக்கு. அதோட கல்யாணத்துக்கு இளைக்கிறேன்னு டயட்டு வேற இருந்துகினு கீறான். சைடுல கொஞ்சம் புடிச்சுக் குடுங்க பாய், சரியாப் போயிடும்."

சந்தன நிறச் சட்டை. மேஜைமேல் கைகளை விரித்துக்கொண்டு கிடந்தது. கீர்த்தனா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தச் சட்டையை வாங்கியவள் அவள். நிச்சயதார்த்தத்துக்கு. நாற்பத்திரண்டு சைஸ் எடுத்தும் பாலுவுக்கு மூன்றாவது பட்டன் விண்ணென்று இழுத்துக்கொண்டு நின்றது. 'தெறிச்சு என் கண்ணுல படப்போவுது பாருங்க' என்று அவள் ஒரு வாரம் போனில் கிண்டல் பண்ணினாள். அந்தப் போட்டோதான் இன்றைக்கும் அவள் செல்போனின் முகப்பில் இருக்கிறது.

அமானுல்லா சைடைப் பிடித்தார். குண்டூசி குத்தினார். பிறகு ட்ரையலுக்குப் போட்டிருந்த புதுப் பேன்ட்டின் இடுப்பில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போயிற்று. விரித்த கையும் போயிற்று. அவர் கை அங்கேயே நின்றது.

கோட்டை வேண்டுமானால் அளவுச் சட்டையை வைத்து வெட்டினார். பேன்ட் அப்படியில்லை. இதே இடத்தில், இதே பாலுவை நிற்கவைத்து, இரண்டு வாரத்துக்கு முன் தன் கையால் அளந்தது. அன்றைக்கே மார்பையும் தோளையும் ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று டேப்பை எடுத்தவரை, 'அதான் சட்டை குடுத்தாச்சே பாய், பஸ்ஸுக்கு நேரமாவுது' என்று வேண்டா தடுத்துவிட்டாள்.

இப்போது அவர் பாலுவின் தோளில் கை வைத்தார். அமுக்கினார். கழுத்துக்குப் பின்னால் காலர் உட்கார வேண்டிய இடத்தைத் தடவினார். ஒரு பள்ளம் இருந்தது. டயட் இருக்கிற எத்தனையோ மாப்பிள்ளைகளைப் பார்த்தவர். டயட்டில் வயிறு குறையும், இடுப்பு குறையும். தோள் கரையாது.

அவர் கண்ணாடியில் பாலுவைப் பார்த்தார். கண்ணாடியில் பாலுவும் அவரைப் பார்த்தான். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினான்.

அமானுல்லா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார்.

"தப்பு என்னுதுதான். வெட்டறப்போ எங்கியோ பெசகிடுச்சு" என்றார்.

"பாத்தீங்களா!" என்று ரமேஷ் எகிறினான். இருவத்தெட்டு வருசமாம், பொய் சொல்லாத டேப்பாம், வேற கடைக்குப் போயிருக்கலாம், பேஜாருடா சாமி என்று ஐந்து நிமிஷம் பொரிந்து தள்ளினான். அமானுல்லா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். வேண்டாவின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

நல்ல மனுஷர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அவர்மேல் கோபம். அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு பெண் தப்பித்திருப்பாளோ என்னவோ! இரக்கப்பட்டுக் கதவைச் சாத்திவிட்டார்.

மறுபடி அளவு எடுத்தார். வழக்கமாக ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதுகிறவர், இந்த முறை வாயே திறக்கவில்லை. எழுதிவிட்டு நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு நூல் எடுக்கத் திரும்பினார்.

கீர்த்தனா குனிந்து பார்த்தாள். மார்பு முப்பத்தேழு. அதற்குக் கீழே இடுப்பு, இரண்டு தேதி போட்டு இரண்டு எண்கள். முப்பத்திரண்டு. முப்பதரை.

அவள் நோட்டை மூடி வைத்தாள்.

"அண்ணா, நீ அத்தையக் கூட்டிகினு போய் வூட்ல வுட்டுடு. நானும் பாலுவும் எங்க ரிசார்ட்டுக்குப் போய்ட்டு வர்றோம். மேனேஜர் ராகவன் சாருக்குப் பத்திரிகை குடுக்கணும். நேர்ல வந்து குடுத்தாத்தான் லீவு கெடைக்கும்."

"பத்திரிகை அடிச்சப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணா சுத்தினா ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"இன்னா வேணா பேசட்டும்."

"வேணாம் கண்ணு, வெயில்ல எதுக்கு அவன…" என்று வேண்டா மகனின் கையைப் பிடித்தாள்.

"நான் பாத்துக்கறேன் அத்தை" என்றாள் கீர்த்தனா. அந்தக் குரலைக் கேட்டு வேண்டா கையை விட்டாள்.

*

வண்டியைக் கீர்த்தனாதான் ஓட்டினாள். பாலு ஓட்டுகிறேன் என்று கேட்கக்கூட இல்லை.

நிச்சயம் முடிந்த புதிதில் ஒரு நாள் இதே ஸ்கூட்டியில் அவன் பின்னால் உட்கார்ந்தபோது டயர் அமுங்கி, 'இறங்குங்க சாமி, வண்டி என்னுது' என்று அவள் கத்தினாள். இன்றைக்கு அவன் உட்கார்ந்தது அவளுக்குத் தெரியவே இல்லை. ஏறியாச்சா என்று திரும்பிப் பார்த்துக் கேட்டுக்கொண்டுதான் கிளப்பினாள்.

திருக்கழுக்குன்றம் மலை தெரிந்தது, பின்னால் போனது. அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பூஞ்சேரி தாண்டி ஈசிஆரில் ஏறியதும் அவன் தோளைத் தட்டினான்.

"நுங்கு விக்கிறாங்க. நிறுத்து கீர்த்தி. ஆசையாகீது."

சவுக்குத் தோப்பு ஓரத்தில் ஒரு அம்மாள் நுங்கு சீவிக்கொண்டிருந்தாள். பாலு இரண்டு சுளை தின்றான். மூன்றாவதைக் கையில் எடுத்தவன், 'இதோ வந்துடறேன்' என்று தோப்புக்குள் போனான். அவன் வாந்தி எடுக்கிற சத்தம் ரோட்டில் போகிற பஸ் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. நுங்குக்கார அம்மாள் ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்து நீட்டினாள். கீர்த்தனா வாங்கிக்கொண்டு போனாள்.

வாயைக் கொப்பளித்துவிட்டு அவன் மரத்தில் சாய்ந்துகொண்டான். "இங்கேருந்து திருவிடந்தை கிட்டத்தானே? போய்ட்டு வந்துடலாமா?"

"கல்யாணத்துக்கப்புறம்தான் போவணும். மாலையோட."

"அப்புறம் என்னால வரமுடியுமான்னு தெரிலயே."

கீர்த்தனா அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"அந்தச் சட்டை நான் வாங்குனது பாலு. நாப்பத்திரெண்டு. அன்னிக்கு பட்டன் போட முடியாம அண்ணன்தான் இழுத்துப் புடிச்சுப் போட்டுச்சு. பாய் பெசகல. நோட்டப் பாத்துட்டேன். ரெண்டு வாரத்துல ஒண்ணரை இஞ்சு எறங்கீது. உடம்புக்கு இன்னா?"

அவன் சொன்னான். பச்சை ஃபைலில் இருப்பதையும், அம்மா அதைப் பூட்டி வைத்திருப்பதையும் சொன்னான். இரைப்பை, ஈரல், ஒரு வருஷம். சொல்லும்போது அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அவள் அழவில்லை. தான் வேலை பார்க்கிற ரிசார்ட்டுக்கு வருகிறவர்களிடம் விவரம் கேட்டு எழுதிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள்.

"எப்போ தெரியும்?"

"சித்திரை பொறந்து மூணாம் நாளு."

"பத்திரிகை அடிச்சது?"

அவன் மரப்பட்டையை நகத்தால் உரித்தான்.

"பத்திரிகை அடிச்சது எப்போ, பாலு?"

"அதுக்கப்புறம்."

"அதுக்கப்புறம்" என்று அவளும் சொன்னாள். "தெரிஞ்சதுக்கப்புறம் எம்பேரப் போட்டுப் பத்திரிகை அடிச்சீங்க."

"நிறுத்திடலாம்னு சொன்னேன் கீர்த்தி, சத்தியமா. அம்மா மூணு நாள் சோறு தின்னல. கால்ல வுழுந்துச்சு. பெத்தவ வந்து கால்ல வுழுந்தா நான் இன்னா பண்றது சொல்லு?"

"எனக்கு போன் பண்ணியிருக்கலாம்."

"பண்ணேன். நாலு தபா. நீ பாட்டுக்கு மேடைல இன்னா பூ, மெஹந்திக்கு யாரு வர்றாங்கன்னு சொல்லிகினே இருந்த. சிரிச்சுகினு இருந்த. வச்சுட்டேன்."

"சிரிச்சது என் தப்பா?"

"இல்ல. நான் பயந்தாங்கொள்ளி. அவ்ளோதான்." அவன் மரத்தைப் பிடித்துக்கொண்டு நேராக நின்றான். "நீ நிறுத்திடு. குடிக்கிறான்னு சொல்லு. வேற பொண்ணு கூடப் பழக்கம்னு சொல்லு. இன்னா வேணா சொல்லு, நான் ஆமான்னுடறேன். என்னால நிறுத்த முடியல. நீ நிறுத்து."

அப்போதுதான் கீர்த்தனாவுக்கு வெறி வந்தது. ஐந்து மாதமாக 'நீங்க, வாங்க' என்று பேசிக்கொண்டிருந்தவள் ஒரே நொடியில் மாறினாள்.

"எப்படிடா இவ்ளோ சுளுவா சொல்ற? முப்பத்தோரு வயசு எனக்கு. ஒம்பதாவது ஜாதகம் நீ. பன்னெண்டு நாள் இருக்கச் சொல்ல கல்யாணம் நின்னா உன்ன யாரு கேக்கப்போறா? பொண்ணுக்கு தோசம், அதான் நின்னுச்சும்பாங்க. சரின்னு கட்டிகினா? அடுத்த வருசம் நீ…" அந்தச் சொல் அவள் வாயில் வரவில்லை. "அப்பவும் அதேதான். இவ வந்த நேரம்பாங்க. உங்கம்மாவே சொல்லும். அந்த ஃபைலப் பூட்டி வச்சிருக்கறவங்க சொல்லுவாங்க. நான் எந்தப் பக்கம் போனாலும் எம்மேலதான் வந்து வுழும். எனக்கு வழியே வைக்கலடா நீங்க ரெண்டு பேரும்."

அவள் சொன்னது அத்தனையும் நடக்கும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

அவள் ஸ்கூட்டியின் ஹேண்டில்பாரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். குலுங்கிக் குலுங்கி அழுதாள். நுங்குக்கார அம்மாள் கூடையைக் கொஞ்சம் தள்ளிவைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். பாலு அவள் தோளைத் தொடக் கையைக் கொண்டுபோனான். தொடவில்லை.

வெகு நேரம் கழித்து அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

"ஏறு. வெயிலு ஏறுது" என்றாள்.

திருவிடந்தைக்குப் போகவில்லை. ரிசார்ட்டுக்கும் போகவில்லை. ராகவன் சாருக்கு எழுதிய பத்திரிகை அவள் கைப்பையிலேயே இருந்தது. வண்டியைத் திருப்பினாள்.

*

திருக்கழுக்குன்றத்தில் வேண்டா வாசலிலேயே நின்றாள். நாலாவதாகவும் பெண்ணா என்று அலுத்துப்போய் வேண்டா என்று பெயர் வைக்கப்பட்டவள். புருஷன் தனகோடி போன பிறகு, இந்த ஒரு பிள்ளைதான் அவளுக்கு எல்லாம். ஸ்கூட்டி நின்றதும் கீர்த்தனாவின் முகத்தைப் பார்த்தாள். கேள்வியே தேவைப்படவில்லை. பாலு அவளைத் தாண்டி உள்ளே போய்க் கட்டிலில் படுத்துவிட்டான்.

"ஏமாத்தணும்னு அந்தச் சட்டையக் குடுக்கல கண்ணு" என்று வேண்டா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "மதுராந்தகத்துல ஒரு நாட்டு வைத்தியரு மருந்து குடுத்துகினு கீறாரு. ஒரு மண்டலத்துல சதை போடும்னாரு. கல்யாணத்துக்குள்ள பழைய உடம்பு திரும்பிடும், அந்தச் சட்டை அவனுக்குச் சரியாப் பத்தும்னு நெனச்சேன். இப்போ இருக்கிற உடம்புக்கு அளவு குடுத்தா… கோட்டு அந்த அளவுலயே நின்னுடுமேன்னு பயமா இருந்துச்சு. எனக்கு சொல்லத் தெரில."

கீர்த்தனாவுக்குப் புரிந்தது. அதுதான் கொடுமை. திட்டலாம் என்று வாயைத் திறந்தவளுக்குத் திட்டு வரவில்லை.

"ஒரே ஒரு தபா அவன மாலையும் கழுத்துமாப் பாத்துட்டேன்னா போதும் எனக்கு. வேற ஒண்ணும் கேக்கல."

"எனக்கு?" என்றாள் கீர்த்தனா.

வேண்டா பிடித்திருந்த கை தளர்ந்தது. அந்தக் கேள்வி இரண்டு மாதமாக அவள் மனசில் ஒரு தரம்கூட வரவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. கீர்த்தனா கையை உருவிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

*

செங்கல்பட்டு வீட்டில் சாயங்காலம் தீனதயாளன் கூடத்தில் பாயை விரித்துப் பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரிட்டயர்டு கண்டக்டர். ஒரு கிண்ணத்தில் குழைத்த மஞ்சளைக் கட்டைவிரலால் தொட்டு, ஒவ்வொரு பத்திரிகையின் நாலு மூலையிலும் வைத்துக்கொண்டிருந்தார். சீட்டு கிழித்துக் கொடுத்த விரலாயிற்றே, வேகம் குறையவில்லை. கீர்த்தனாவின் அம்மா மேல்மருவத்தூர் பக்கம் பத்திரிகை வைக்கப் போயிருந்தாள்.

"கோட்டு எப்படிம்மா? மாப்ள கலெக்டராட்டம் இருந்தாரா?"

"அத்த ஏன் கேக்கற நைனா!" என்று ரமேஷ் சோபாவிலிருந்து ஆரம்பித்தான். செல்போனை நோண்டிக்கொண்டே, காலையில் அமானுல்லாவைத் தான் வாங்கு வாங்கென்று வாங்கியதை ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னான். "நாப்பது இஞ்சு வெட்டச் சொன்னா நாலு ஆளுக்கு வெட்டி வச்சிருக்கான் மனுசன்!"

தீனதயாளன் சிரித்தார். சுவாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில், பாலிதீன் கவருக்குள் திருவிடந்தை மாலை பழுப்பேறித் தொங்கிக்கொண்டிருந்தது. மஞ்சள் விரலால் அதைக் காட்டினார்.

"அத்த மட்டும் இப்பவே எடுத்துப் பொட்டில வச்சுக்கோம்மா. கல்யாண அமளில மறந்துடப் போற. மொத மொத அங்கதான் போவணும் ரெண்டு பேரும். நானும் வர்றேன். உனக்காக எத்தினி பெருமாள் கிட்ட நின்னிருக்கேன்!"

எட்டுத் தடவை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காபி கொடுத்துவிட்டு, எட்டுத் தடவையும் கண் கலங்கியதை மறைக்கப் பின்கட்டுக்குப் போய் நின்றவர் அவர். இந்த நாலு மாதமாகத்தான் வீட்டுக்குள் சத்தமாகப் பேசுகிறார்.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. கீர்த்தனா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா."

"சொல்லும்மா."

செல்போன் அடித்தது. புது நம்பர். எடுத்தாள்.

"அம்மா, நான் டைலர் அமானுல்லா பேசறேன். மாப்ள தம்பிக்குப் பண்ணேன், எடுக்கல. அதான் உங்களுக்கு…"

"சொல்லுங்க பாய்."

"கோட்டப் பிரிச்சுட்டேன்மா. சைடுன்னா ஒண்ணும் கஷ்டமில்ல, உள்ள துணி வுட்டு வைக்கலாம். தோளு அப்படி இல்ல. கையக் கழட்டித் திருப்பி வெட்டணும். வெட்டிட்டா வெட்டுனதுதான், அப்புறம் ஒட்ட முடியாது." அவர் நிறுத்தினார். பின்னால் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. "இன்னிக்கு அளவு முப்பத்தேழும்மா. ஆனா தம்பி போடப்போறது இன்னிக்கு இல்லையே. பன்னெண்டு நாள் கீது. நான் எந்த அளவுக்கு வெட்டறது?"

கீர்த்தனா போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"காலைலயே உங்க கிட்ட சொல்லியிருக்கணும். வாய் வரல. தம்பி கண்ணாடில பாத்த பார்வை அப்படி. தப்பாக் கேட்டிருந்தா மன்னிச்சுடும்மா. இல்ல, வெட்ட வேணாம்னாலும் சொல்லுங்க. அப்படியே மடிச்சு வச்சுடறேன். யார் கிட்டயும் எதுவும் சொல்லமாட்டேன்."

வெட்ட வேணாம் பாய். மூன்றே வார்த்தை. சொல்லிவிட்டால் முடிந்தது. அவள் நாக்கு நுனிவரைக்கும் அது வந்தது.

எதிரே அப்பா ஒரு பத்திரிகையைப் பிரித்து, அவள் பெயர் இருக்கிற இடத்தைத் தூரமாக நீட்டி, கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தார். ஆயிரம் தரம் படித்தாயிற்று. இன்னும் படிக்கிறார்.

கட்டிக்கொள்வது என்று அவள் முடிவு பண்ணிவிட்டாளா என்று கேட்டால், இல்லை என்றுதான் அவள் சொல்லுவாள். நிறுத்துவது என்றும் இல்லை. அவள் மனசு பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்தில் இடுப்பு ஒன்றரை. அப்படியானால் பன்னிரண்டு நாளில் மார்பு. இன்றைக்கு அவன் பாரம் அவள் வண்டியில் எவ்வளவு லேசாக இருந்தது என்பது ஞாபகம் வந்தது.

"முப்பத்தாறு" என்றாள்.

அந்தப் பக்கம் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சரிம்மா" என்றார் அமானுல்லா. போனை வைத்துவிட்டார்.

"இன்னாம்மா முப்பத்தாறு?" என்று தீனதயாளன் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

கீர்த்தனா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்து, விரலில் மஞ்சளைத் தொட்டு, அடுத்த பத்திரிகையை எடுத்தாள். மஞ்சள் மூலையில் படாமல் நடுவில் பட்டது.

ரமேஷ் கேட்கவில்லை. காலையில் அந்தச் சந்தன நிறச் சட்டையின்மேல் டேப்பை வைத்து நாற்பது என்று படித்தவன் அவன்தான். செல்போனைச் சோபாவில் கவிழ்த்து வைத்தான். தங்கச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெதுவாக எழுந்து நின்றான்.